அரசு ஆபீஸில் டிசைனருக்கு என்ன வேலை? சிங்காநல்லூர் உதாரணத்தோடு ஒரு விளக்கம்

டிசைனர் என்றதும் லோகோ, போஸ்டர், கலர் இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் சில நாடுகளில் அரசின் புத்தாக்கக் குழுக்களிலும் டிசைனர்கள் வேலை செய்கிறார்கள். எதற்காக?

சிக்கல் எங்கே?

சிங்காநல்லூரில் ஒரு கூலித் தொழிலாளி, மகளின் படிப்புக்காக வருமானச் சான்று வாங்க இ-சேவை மையத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "கேன் நம்பர் இருக்குதுங்களா?" என்று கேட்கிறார்கள். "தண்ணி கேனுங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டால் அது அவர் தப்பில்லை. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன் வாங்க வேண்டிய பதிவு எண் அது. அடுத்து ஓடிபி. அது போவதோ திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனின் போனுக்கு. அவர் போனை எடுப்பதற்குள் அரைநாள் கூலி போச்சு.

இங்கே சாஃப்ட்வேர் சரியாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் ஆளுக்கு வேலை முடியவில்லை.

டிசைனர் என்ன செய்வார்?

இந்த மாதிரி ஆட்களின் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வார்த்தையில் திணறுகிறார்கள், எங்கே திரும்பிப் போகிறார்கள் என்று பார்ப்பார். படிவத்தை மாற்றி, மறுபடி அவர்களிடமே கொடுத்துப் பார்ப்பார். தேவையில்லாத கேள்வியை எடுக்கச் சொல்வார்.

வெளிநாடுகளில் எப்படி?

டென்மார்க்கில் 2002 முதல் 2018 வரை 'மைண்ட்லேப்' என்ற அரசுக் குழு இதைச் செய்தது. பிரிட்டனில் 2011இல் அரசு டிஜிட்டல் சேவைப் பிரிவு தொடங்கப்பட்டது. அது உருவாக்கிய அரசு இணையதளம் 2013இல் லண்டன் டிசைன் மியூசியத்தின் 'ஆண்டின் சிறந்த வடிவமைப்பு' விருதை வென்றது. படாடோபமே இல்லாத, எளிய எழுத்துகள் கொண்ட தளம் அது.

நம்ம ஊரில்?

மத்திய அரசிடம் இதற்காக 'யுஎக்ஸ்4ஜி' என்ற முயற்சி இருக்கிறது. தமிழ்நாட்டில், மகளிர் உரிமைத் தொகைக்காக 2023இல் ரேஷன் கடை ஊழியர்களே வீடு தேடி வந்து விண்ணப்பமும் டோக்கனும் கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 18இல் கோவையில் தொடங்கிய 'மக்களுடன் முதல்வர்' திட்டம், பல துறைகளை ஒரே முகாமுக்குக் கொண்டுவந்தது. பெயர் வேறாக இருந்தாலும் இவையும் டிசைன்தான்.

ஆனால் முகாம் முடிந்துவிடும். மறுநாள் போகிறவருக்கு அதே கேன் நம்பர், அதே ஓடிபிதான். அந்தத் திரையையும் மாற்றினால்தான் அடுத்த முகாம் வரை யாரும் காத்திருக்க வேண்டியிருக்காது.