வெளிநாட்டில் கழுத்துச் சிரை விரிவாக்கம்: வீடு திரும்பிய பின் கவனிக்க வேண்டியவை என்ன?

பெங்களூரு: கழுத்திலுள்ள சிரைகளை பலூன் மூலம் விரிவாக்கினால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் நரம்பு மண்டல நோய் தணியும் என்ற நம்பிக்கையில், 2009ஆம் ஆண்டுக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் நாடு விட்டு நாடு சென்றனர். கனடாவிலிருந்து போலந்து, கோஸ்டா ரிகா, மெக்சிகோ, இந்தியா எனப் பயணங்கள் நீண்டன. சிகிச்சை ஓரிரு நாளில் முடிந்துவிடும். சிக்கல்கள் பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகே தொடங்கின.

இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழகப் பேராசிரியர் பாவ்லோ ஸாம்போனி, மூளையிலிருந்து ரத்தம் வடியும் சிரைகள் குறுகியிருப்பதே நோய்க்குக் காரணமாகலாம் என 2009இல் முன்வைத்தார். அவரது மனைவியும் இந்நோயால் பாதிக்கப்பட்டிருந்தார். 65 நோயாளிகளிடம் அவர் நடத்திய முதல் ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை. ஆனாலும் தொலைக்காட்சி வழியாக இச்செய்தி காட்டுத்தீ போலப் பரவியது.

இச்சிகிச்சையில் தொடை இடுக்கிலுள்ள சிரை வழியாக மெல்லிய குழாய் செலுத்தப்படுகிறது. எனவே முதல் சில நாட்கள் பளு தூக்குதல், அடிக்கடி மாடிப்படி ஏறுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். குழாய் செலுத்திய இடத்தில் வீக்கமோ ரத்தக் கசிவோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். நீண்ட விமானப் பயணமே காலில் ரத்தம் உறையும் அபாயத்தை உயர்த்தும். நடமாட்டம் குறைந்த நோயாளிக்கு அது இன்னும் கூடுதல்.

ஸ்டென்ட் பொருத்தியிருந்தால் கவலை அதிகம். தமனி, இதயத்திலிருந்து விலகிச் செல்லச் செல்லக் குறுகும். சிரையோ இதயத்தை நெருங்க நெருங்க அகலும். பிடிப்பு தளர்ந்த ஸ்டென்ட் ரத்த ஓட்டத்தோடு இதயத்தை நோக்கி நகர இதுவே காரணம். அமெரிக்காவில் அப்படியொரு சம்பவம் நிகழ்ந்தது. ஸ்டென்டில் ரத்தம் உறைந்த கனடா நோயாளி ஒருவர், மீண்டும் கோஸ்டா ரிகா சென்ற நிலையில் 2010 அக்டோபரில் உயிரிழந்தார். உயிரிழப்பு, பக்கவாதம், ஸ்டென்ட் இடம்பெயர்தல் உள்ளிட்ட பாதிப்புகளைச் சுட்டிக்காட்டி, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012 மே மாதம் எச்சரிக்கை விடுத்தது.

வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து தரப்பட்டிருந்தால், குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தப் பரிசோதனை அவசியம். கீரையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் நிறையவும் மறு வாரம் துளியும் இன்றியும் உண்பதுதான் மருந்தின் அளவைக் குழப்பும். மருந்துக் கடையில் தாமாக வாங்கும் வலி மாத்திரைகள் ரத்தக் கசிவைத் தூண்டக்கூடும்.

மல்லேஸ்வரத்திலுள்ள வீட்டுக்குத் திரும்பும் ஒருவருக்கு அருகில் கே.சி. பொது மருத்துவமனை உண்டு. நரம்பியலுக்கு நிம்ஹான்ஸ், இதய ரத்தநாளங்களுக்கு ஜெயதேவா மருத்துவமனை என நகரில் வசதிக்குக் குறைவில்லை. ஆனால் எந்தச் சிரை விரிவாக்கப்பட்டது, ஸ்டென்டின் அளவு என்ன என்பது தெரியாமல் எந்த மருத்துவரும் திணறவே செய்வார். சிகிச்சைச் சுருக்கம், ஆஞ்சியோ குறுந்தகடு, ஸ்டென்ட் அட்டை ஆகியவை கையில் இருப்பது மாத்திரையைப் போலவே முக்கியம்.

பலன் கிடைத்ததா? 2013இல் லான்செட் இதழில் வெளியான கனடா ஆய்வு, குறுகிய சிரைகள் நோயாளிகளிடமும் ஆரோக்கியமானவர்களிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் காணப்படுவதாகக் கண்டறிந்தது. 104 பேரிடம் நடத்திய மற்றொரு கனடா ஆய்வின் முடிவு 2017 மார்ச்சில் வெளியானது. அதில் உண்மையான சிகிச்சைக்கும் போலிச் சிகிச்சைக்கும் வேறுபாடு தெரியவில்லை. அதே ஆண்டு, 115 பேரிடம் ஸாம்போனியே தலைமையேற்று நடத்திய ஆய்வும் இச்சிகிச்சை பலனற்றது, பரிந்துரைக்க இயலாது என்று அறிவித்தது. கருத்தை முன்வைத்தவரே அதற்கு எதிரான முடிவை வெளியிட்டது மருத்துவ உலகில் அபூர்வம்.

ஏற்கனவே இச்சிகிச்சை செய்துகொண்டவர்கள், நரம்பியல் மருத்துவர் தந்த நோய் கட்டுப்பாட்டு மருந்துகளை நிறுத்தக் கூடாது. கழுத்து, கை அல்லது ஒரு காலில் திடீர் வீக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கடுமையான தலைவலி, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டால், சிகிச்சை அளித்த வெளிநாட்டு மருத்துவரின் மின்னஞ்சல் பதிலுக்குக் காத்திராமல் அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்ல வேண்டும்.