காரில் தீய்ந்த வாடையா? எந்த வாடைக்கு என்ன செய்யணும்?

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பாதி இறக்கத்திலேயே சில கார்களில் தீய்ந்த வாடை அடிக்கும். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று ஓட்டிக்கொண்டே போவதுதான் ஆபத்து.

சக்கரத்தின் பக்கம் வாடையா? பிரேக் சூடேறிவிட்டது. ஓரங்கட்டி, தானாக ஆறவிடுங்க. தண்ணீர் ஊற்றாதீங்க, டிஸ்க் கெட்டுப்போகலாம். மிச்ச தூரத்தை முதல் அல்லது இரண்டாம் கியரில் இறங்குங்க. ஹேண்ட் பிரேக்கை எடுக்க மறந்து ஓட்டினாலும் இதே வாடைதான்.

ஏற்றத்திலும் டிராஃபிக்கிலும் வந்தால், பெரும்பாலும் கிளட்ச். பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டும் பழக்கத்தை விடணும். ரப்பர் வாடை என்றால் பெல்ட்டைப் பார்க்கணும். எண்ணெய் தீயும் வாடை என்றால், கசியும் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் குழாயில் சொட்டலாம். மெக்கானிக்கிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீங்க.

பிளாஸ்டிக் தீயும் வாடைதான் உச்சகட்ட எச்சரிக்கை. வயரிங் உருகிக்கொண்டிருக்கலாம். உடனே நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்க. புகை வந்தால் பானெட்டைத் திறக்காதீங்க. காற்று புகுந்தால் தீ சட்டென்று வளரும். 112-ஐ அழைங்க.

இன்னொரு தப்பு: 15 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகுதே என்று 30 ஆம்பியர் போடுவது. அப்புறம் ஃபியூஸ் போகாது, வயர்தான் எரியும்.