போனில் எடுத்த வீடியோ டிவிடியில் ஓடவில்லையா? சிக்கல் எங்கே, தீர்வு என்ன?

2016 கும்பகோணம் மகாமகம், 2020 பிப்ரவரி 5-ல் நடந்த தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு, வீட்டுக் காதுகுத்து எல்லாமே நம் போனில் பத்திரமாக இருக்கும். ஆனால் ஊரில் இருக்கும் தாத்தா, பாட்டிக்கு டிவிடி பிளேயர்தான் வசதி. ஆசையாக டிஸ்க் போட்டு அனுப்பினால், 'இதுல ஒண்ணுமே வரலப்பா' என்று போன் வரும். ஏன் இப்படி?

டிஸ்க்கைப் போட்டால் படமே வரவில்லை

எம்பி4 ஃபைலை அப்படியே காப்பி செய்தால் அது 'டேட்டா டிஸ்க்'. கம்ப்யூட்டரில் ஓடும், பழைய பிளேயரில் ஓடாது. பழைய பிளேயருக்குப் பெரும்பாலும் தெரிந்தது எம்பெக்-2 தான். டிவிடி ஸ்டைலர் போன்ற இலவச சாஃப்ட்வேரில் 'டிவிடி வீடியோ'வாக மாற்றித்தான் எழுத வேண்டும். கடைசியில் 'ஃபைனலைஸ்' செய்ய மறக்காதீர்கள்.

பால், என்டிஎஸ்சி: எதைத் தேர்ந்தெடுப்பது?

இந்தியாவுக்கு பால். அளவு 720x576, நொடிக்கு 25 ஃபிரேம். என்டிஎஸ்சி என்றால் 720x480, 29.97 ஃபிரேம். தவறாகத் தேர்ந்தெடுத்தால் சில பழைய டிவிகளில் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், அல்லது உருளும்.

வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்

போன் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். மாற்றும்போது ஆடியோ விலகுவதற்கு இது முக்கியக் காரணம். முதலில் ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' கொடுத்து ஒரு ஃபைல் எடுங்கள். அதை டிவிடி சாஃப்ட்வேரில் போடுங்கள். ஆடியோ 48 கிலோ ஹெர்ட்ஸில் இருக்கட்டும்.

'இடம் போதவில்லை' என்று வருகிறதா?

சாதாரண டிஸ்க்கின் கொள்ளளவு 4.7 ஜிபி. கம்ப்யூட்டர் இதையே சுமார் 4.38 என்று காட்டும், பயப்பட வேண்டாம். 2 மணி நேர வீடியோ என்றால், படமும் சத்தமும் சேர்த்து நொடிக்கு 5 மெகாபிட் வரை தாங்கும். 4 மணி நேரக் கல்யாண வீடியோவை ஒரே டிஸ்க்கில் அடைத்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். இரண்டு டிஸ்க்காகப் பிரிப்பதே நல்லது.

எல்லோரும் ஒல்லியாகத் தெரிகிறார்களா?

2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் வந்த டிவிகளின் திரை 4:3. போன் வீடியோ 16:9. பிளேயர் செட்டிங்ஸில் '4:3 லெட்டர்பாக்ஸ்' வைத்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், முகம் சரியாகிவிடும்.

பாதியில் நிற்கிறதா?

அதிவேகத்தில் எழுதிய டிஸ்க்கைப் பழைய பிளேயர்கள் தடுமாறித்தான் படிக்கும். 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் வேகத்தில் எழுதிப் பாருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை

அப்பா, அம்மா கல்யாண வீடியோ கேசட்டை டிஸ்க்காக மாற்றினீர்களா? கேசட்டை உடனே தூக்கிப் போடாதீர்கள். டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். எழுதப்பட்ட டிஸ்க்கும் நிரந்தரம் இல்லை. அசல் ஃபைலை ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறொரு இடத்தில் ஒன்று என இரண்டு பிரதி வைத்துவிட்டால், டிஸ்க் கீறினாலும் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.