ஊசித் தையல் தறிக்கு வந்த கதை



ஜப்பானியர் ‘சாஷிகோ’ என்று வழங்கும் கைத்தையலை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அவுரி நீலம் தோய்த்த துணியின்மீது வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போட்டு, கட்டமும் படியும் பூவுமாக விரித்துக்கொண்டே செல்வார்கள். வங்காளத்துக் காந்தாத் தையலுக்கு இது நெருங்கிய உறவு. அழகுக்காகப் பிறந்த தொழில் அன்று, குளிருக்காகப் பிறந்தது. ஜப்பானின் வடபகுதியில் பருத்தி விளைவதில்லை. சுகாரு என்னும் நாட்டில் 1724-ஆம் ஆண்டில் பிறந்த கட்டளை ஒன்று, உழவர் பருத்தியாடை உடுத்துவதையும் விலக்கியது. நார்த்துணியே அவர்களுக்கு வாய்த்தது. அதன் இழையிடுக்குகளில் காற்றுப் புகாதவாறு பெண்கள் பருத்தி நூலைக் கோத்துக் கோத்து அடைத்தார்கள். கோலம் பின்னால் வந்தது.

இந்தத் தையலைத் தறியிலேயே நெய்துவிட முடியாதா? முடியும். ஜூடோ வீரர் அணியும் தடித்த மேற்சட்டையைப் பாருங்கள். அரிசி மணிகளை நெருக்கி வைத்தாற்போல் தோன்றும் அதன் மேற்பரப்பு ஊசியால் ஆனதன்று. சாஷிகோவைப் பின்பற்றித் தறியில் நெய்தது.

நாம் குடியிருக்கும் ஹைதராபாத்திலும் இதற்கு வழிகாட்டி ஒன்று உண்டு. அதுவே ஹிம்ரூ நெசவு. ஹிம்ரூவின் தாயகம் ஔரங்காபாத். அவ்வூர் 1956 வரை ஹைதராபாத் ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. பருத்திப் பாவில் அடித்துணி நெய்துகொண்டே, பட்டிழையைத் தனி ஊடையாக ஓட்டிப் பூவேலை எழுப்புவார்கள். பூ இல்லாத இடத்தில் அந்தப் பட்டிழை துணியின் பின்புறம் தளர்ந்து கிடக்கும். முன்னே தோன்றுவதும் பின்னே மறைவதுமாகிய இந்த இழைக்கும், ஓட்டுத்தையலின் நூலுக்கும் தொழில் ஒன்றேயல்லவா? காஞ்சிபுரத்தார் ‘அடை’ என்று சொல்லும் கயிற்றுக்கட்டு முறையும் இதற்கு அண்டை வீடுதான்.

ஹிம்ரூ அருகிவந்த காலத்தில் அதைக் காத்தவர்களில் முதன்மையானவர் ஸுரையா ஹஸன் போஸ் அம்மையார். 1928-இல் பிறந்து 2021-இல் மறைந்தவர். ஹைதராபாத்தை அடுத்த ராயதுர்கத்தில், தம் சிற்றப்பா அபித் ஹஸன் ஸஃப்ரானியின் நிலத்தில் அவர் தறிகளை நிறுவினார். (1943-இல் நேதாஜியுடன் ஜெர்மானிய நீர்மூழ்கியில் புறப்பட்டு, நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறிச் சென்றவர் இந்த அபித் ஹஸன்தான்.) அம்மையார் அங்கே தறியில் அமர்த்தியது கணவரை இழந்த ஏழைப் பெண்களை. நம் பக்கத்தில் நெசவாளர் வீட்டுக் குழந்தை தார் சுற்றிச் சுற்றியே தொழிலைக் கற்றுவிடும். அந்தப் பெண்களுக்கோ அத்தகைய பழக்கம் இல்லை. வளர்ந்த பின்னர் கற்று, அதனால் குடும்பம் நடத்தினார்கள். எனவே, ‘தறி எங்கள் குலத்தொழில் அன்று’ என்று தயங்குவோர் அந்தத் தயக்கத்தை விட்டுவிடலாம்.

இனி முறையைக் கவனிப்போம். சாஷிகோவில் நெடுக்கும் குறுக்குமாக நேர்கோடுகளே ஓடும் வகை ஒன்று உண்டு. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு தையல் மேலே, அடுத்தது கீழே, இவ்வளவே விதி. கோடு மேலே தொடங்குகிறதா, கீழே தொடங்குகிறதா என்பது ஒன்றினாலேயே கோலம் மாறும். எல்லாக் கோடுகளும் ஒரே மாதிரி தொடங்கினால் தனித்தனிச் சிறு கட்டங்கள் தோன்றும். ஒன்றுவிட்டு ஒன்று மாறினால் மாடிப்படிகள் தோன்றும். கட்டம் போட்ட தாளில் நீங்களே வரைந்து பாருங்கள். அரைமணி நேரத்தில் வியப்படைவீர்கள்.

இதற்கு ஆறு விழுதுகள் உள்ள தறி போதும். நீலப் பாவைச் சம அகலமுள்ள பட்டைகளாகப் பிரித்து, ஒற்றைப் பட்டைகளை 1, 2 விழுதுகளிலும், இரட்டைப் பட்டைகளை 3, 4 விழுதுகளிலும் கோக்க வேண்டும். பட்டைகளுக்கு இடையே ஒவ்வொரு தடித்த வெள்ளை இழை. மேலே தொடங்கும் இழையானால் 5-ஆம் விழுது. கீழே தொடங்குமானால் 6-ஆம் விழுது. அடித்துணிக்கு 1, 3 ஒருமுறையும் 2, 4 மறுமுறையுமாக மிதிக்க வேண்டும். அப்பொழுது 5-ஐ உயர்த்தியே வைத்துச் சில ஊடைகள் ஓட்டினால் நெடுக்குத் தையல் ஒன்று முடியும். உடனே இரண்டாம் நாடாவில் வெள்ளை இழையை எடுத்து, 1, 2 விழுதுகளையோ 3, 4 விழுதுகளையோ உயர்த்தி ஒருமுறை ஓட்டினால் அதுவே குறுக்குத் தையல் வரிசை. பின்னர் 5-ஐத் தாழ்த்தி 6-ஐ உயர்த்தி, மீண்டும் அடித்துணி. இப்படியே மாறி மாறிச் செல்லும்.

புதிதாகக் கற்பவர் தடுமாறும் இடம் வேறொன்று. வெள்ளைப் பாவிழையை நீலப் பாவோடு ஒரே உருளையில் சுற்றிவிடுவார்கள். அடித்துணியின் இழை ஒவ்வொரு ஊடையிலும் வளைந்து வளைந்து செல்வதால் நீளம் மிகுதியாகச் செலவாகும். வெள்ளை இழை நீட்டி மிதப்பதால் குறைவாகவே செலவாகும். ஒரு முழம் நெய்வதற்குள் வெள்ளை இழைகள் தொய்ந்து, கோலம் கோணலாகிவிடும். அதற்குத் தனி உருளை வேண்டும். அல்லது அந்த இழைகளைத் தனியே எடையிட்டுத் தொங்கவிட வேண்டும்.

கடல் அலை, பின்னிய வளையம் முதலிய வளைகோட்டுக் கோலங்களை இந்தத் தறியில் முயல வேண்டா. அவற்றுக்கு ஜக்கார்டு வேண்டும். இல்லையேல் ஊசியே மேல். தையலின் நீளமும் கால் அங்குலத்தை மிஞ்சாதிருக்கட்டும். நீண்ட இழை வளையலில் மாட்டும். முதல் துண்டை ஒரு சாண் அகலத்தில், தடித்த நூலில் நெய்யுங்கள். பிழைகள் கண்ணுக்குத் தெரியும். பிரித்துக் கட்டுவதும் எளிது.