தகட்டிற் பதிந்த தடங்கள்
விபா சௌதுரியின் அண்டக்கதிர் ஆராய்ச்சி

நாம் உறங்கும்போதும் விழித்திருக்கும்போதும் கண்ணுக்குப் புலனாகாத துணிக்கைகள் நம்முடலை ஊடுருவிச் சென்றவண்ணமே இருக்கின்றன. விண்வெளியினின்றும் பாய்ந்துவரும் அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள அணுக்களுடன் மோதுவதால் இவை தோன்றுகின்றன. கடல்மட்டத்திலே, கைவிரல் நகமளவு பரப்பினூடே நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று வீதம் இவை செல்கின்றன. ஓசையில்லை, வலியுமில்லை. இத்தகைய துணிக்கையொன்றைக் காண்பது எங்ஙனம்? அதன் திணிவை அளப்பது எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு விடை காண முயன்ற விஞ்ஞானிகளுள் ஒருவர் விபா சௌதுரி என்னும் வங்கப் பெண்மணி.

1913ஆம் ஆண்டிற் பிறந்த விபா, 1936இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்திற் பௌதிகவியலில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அவ்வகுப்பிற் பயின்ற ஒரே பெண் அவரே. பின்னர்ப் பேராசிரியர் டி. எம். போஸ் அவர்களின் வழிகாட்டலில் ஆராய்ச்சியில் இறங்கினார். அவர்கள் கைக்கொண்ட கருவி பெரிய இயந்திரமன்று; சாதாரணப் புகைப்படத் தகடேயாகும்.

தகட்டின் மேற்பூச்சில் வெள்ளி உப்பின் நுண்மணிகள் நிறைந்துள்ளன. மின்னேற்றமுடைய துணிக்கை அதனூடே பாய்ந்தால், அதன் வழியிலுள்ள மணிகள் மாற்றமடைகின்றன. தகட்டை இரசாயனக் கரைசலிற் கழுவியதும் அவை கரும்புள்ளிகளாக வரிசையிற் புலப்படும். ஈரமணலில் யானை நடந்த சுவடும் ஆட்டுக்குட்டி நடந்த சுவடும் ஒன்றாகா. அதுபோலவே, பூச்சினுள் ஓய்ந்து நிற்கப்போகும் பாரமான துணிக்கை புள்ளிகளை நெருக்கமாக இட்டு, பெரிதும் வளையாது செல்லும். இலேசான துணிக்கையோ புள்ளிகளை ஐதாக இட்டு, அடிக்கடி திசை மாறும். புள்ளிகளின் இடைவெளியையும் தடத்தின் வளைவுகளையும் நுணுக்குக்காட்டியின் கீழ் அளந்தால் துணிக்கையின் திணிவை மதிப்பிடலாம்.

உயரஞ் செல்லச் செல்ல அண்டக் கதிர்களின் விளைவு மிகும். ஆதலால் ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலுள்ள தார்ஜிலிங்கிலும், ஏறக்குறைய 12,000 அடி உயரத்திலுள்ள சந்தக்பூவிலும் தகடுகள் நெடுங்காலம் வைக்கப்பட்டன. பின்னர் அவற்றை விரற்கடை விரற்கடையாக ஆராயும் பணி தொடர்ந்தது. இலத்திரனைப் போல் ஏறக்குறைய 200 மடங்கு திணிவுள்ள துணிக்கைகளின் தடங்கள் அவற்றிற் காணப்பட்டன. இம்முறையையும் முடிவையும் போசும் விபாவும் 1941இல் 'நேச்சர்' என்னும் ஆங்கில விஞ்ஞான இதழில் வெளியிட்டனர்.

ஆயினும், அவர்களுடைய தகடுகள் போதிய நுண்ணுணர்வு வாய்ந்தவையல்ல. சிறந்த தகடுகள் வேண்டியிருந்தன. உலக யுத்தமோ அவற்றைக் கிட்டாப் பொருளாக்கிற்று. கண்ட உண்மையை ஐயத்துக்கிடமின்றி நிறுவும் வாய்ப்பு அங்கே தடைப்பட்டது.

யுத்தம் முடிந்தபின், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிற் செசில் பவலும் அவருடைய கூட்டத்தாரும் வெள்ளி உப்புச் செறிந்த புதிய தகடுகளைப் பெற்றனர். 1947இல், பை மேசன் என்னும் துணிக்கை சிதைந்து மியூ மேசனாக மாறுவதை அத்தகடுகளிற் கண்டனர். முன்னதன் திணிவு இலத்திரனைப் போல் 273 மடங்கு. பின்னதன் திணிவு 207 மடங்கு. 1950இல் பவலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

விபாவின் பரிசைப் பிறர் கவர்ந்தனர் என்று உரைப்பது முறையாகாது. இரு மேசன்களையும் பிரித்துக் காட்டியவர்கள் பிரிஸ்டல் அறிஞரே. ஆனால், புகைப்படத் தகட்டின் துணைகொண்டு மேசனின் தடத்தைப் பிரித்தறியலாம் என்பதைக் கல்கத்தா அறிஞர் முன்னரே சுட்டியிருந்தனர். பவலும் பிற்காலத்துத் தம் நூலில் இதனைக் குறிப்பிட்டுள்ளார். அறிவும் உழைப்பும் குறைவின்றி இருந்தும், நல்ல கருவி கைக்கெட்டாமையால் ஒரு நாட்டின் ஆராய்ச்சி பாதிவழியில் நின்றுவிடக்கூடும். இதுவே இவ்வரலாறு கூறும் கசப்பான உண்மை.

விபா மனந்தளரவில்லை. 1945இல் மான்செஸ்டர் சென்று, பின்னர் நோபல் பரிசு பெற்ற பிளாக்கெட்டின் ஆய்வுகூடத்தில் அண்டக் கதிர்ப் பொழிவுகளை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். 1949இல் ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்றுப் பம்பாயிலுள்ள டாட்டா ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். அங்கே முதற் பெண் ஆராய்ச்சியாளர் அவரே. பின்னர் அகமதாபாத்திற் பணியாற்றியதோடு, கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நிகழ்ந்த ஆராய்ச்சிகளிலும் பங்குகொண்டார். 1991இல் காலமானபோது அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

அவர் கைக்கொண்ட முறை மறையவில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேர்மி ஆய்வுகூடத்தில் டௌ நியூத்திரினோ முதன்முதலாக நேரிற் கண்டறியப்பட்டதும், அதே வகைப் பூச்சிற் பதிந்த தடங்களாலேயே. 2019இல் ஏறக்குறைய 340 ஒளியாண்டு தொலைவிலுள்ள விண்மீனொன்றுக்குச் சர்வதேச வானியற் சங்கம் 'விபா' என்று பெயரிட்டது. வங்க மொழியில் அச்சொல் ஒளிக்கதிரைக் குறிக்கும்.

மாணவச் செல்வங்களே! பரிசு பெற்றோரின் பட்டியலை மட்டும் படிப்போர் விஞ்ஞான வரலாற்றிற் பாதியையே அறிவர். மலைமுகட்டிலே தகடு வைத்து, மாதக்கணக்கிற் காத்திருந்து, புள்ளி புள்ளியாக எண்ணிய கைகளையும் அறிந்துகொள்ளுங்கள். அப்பொழுதுதான் அவ்வரலாறு முழுமை பெறும்.