பழைய சிறு விமானத்தில் பங்கு வாங்கலாமா?



லாரியிலும் குடோனிலும் கூட்டாகப் பணம் போட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. இப்போது நம் பிள்ளைகள் வேறொரு கூட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். 2025 ஜனவரியில் திருவிடந்தையில் வெப்பக்காற்று பலூன் திருவிழா நடந்தது. மாமல்லபுரம் கடற்கரையின் மேல் பறந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை இங்கே பலருக்கு உண்டு. "நாலு பேர் சேர்ந்து பழைய மைக்ரோலைட் விமானம் வாங்கினால், ஆளுக்குக் கால் பங்கு விலைதானே?" என்று கேட்கிறார்கள்.

வியாபாரிக்கு ஆகாத ஆசை என்று இதை ஒதுக்க வேண்டியதில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஆஞ்சலிஸ், 1910லேயே சிம்ப்சன் கம்பெனியில் விமானம் செய்வித்துப் பறந்து காட்டியவர். ஆனால் பங்கு என்று வந்தால் கணக்குத்தான் முதலில் பேச வேண்டும்.

மைக்ரோலைட் என்பது ஒருவரோ இருவரோ மட்டும் அமரும் மிக இலகுவான விமானம். இருவர் அமர்வதன் மொத்த எடை, ஆளும் பெட்ரோலும் சேர்த்து, சுமார் 450 கிலோ. நம் கணக்கில் ஒன்பது மூட்டை அரிசி. பிரிட்டனில் நாலைந்து பேர் பங்கு போட்டு இதை வைத்துக்கொள்வது சாதாரணம். மாதம் ஒரு தொகையும், பறக்கும் மணிக்கு ஒரு தொகையும் கட்டுவார்கள்.

தீர்ந்த மணிகள் யாருடையவை?

லாரிக்குக் கிலோமீட்டர் பார்ப்பதுபோல் விமான இன்ஜினுக்கு மணிக்கணக்கு பார்க்க வேண்டும். இவ்வகை விமானங்களில் அதிகம் காணப்படுவது ரோட்டாக்ஸ் இன்ஜின். அதில் 582 என்ற இரண்டு ஸ்ட்ரோக் வகைக்கு 300 மணி அல்லது 5 ஆண்டு. 912 என்ற நான்கு ஸ்ட்ரோக் வகைக்கு 2,000 மணி அல்லது 15 ஆண்டு. இதில் எது முந்துகிறதோ அப்போது இன்ஜினை முழுவதும் பிரித்துச் செப்பனிட வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு. ஓடாமல் நின்றாலும் வயது ஏறும். டின்னைத் திறக்காவிட்டாலும் காலாவதித் தேதி வந்துவிடுகிறதல்லவா, அப்படித்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். 582 இன்ஜினைச் செப்பனிட 3 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணிக்கு 1,000 ரூபாய் வீதம் ஒதுக்கினால்தான் 300ஆவது மணியில் பணம் கையில் இருக்கும். உங்களுக்குப் பங்கு விற்பவர்கள் ஏற்கெனவே 240 மணி ஓட்டியிருந்தால், கூட்டுக் கணக்கில் 2,40,000 ரூபாய் இருக்க வேண்டும். அது இல்லாமல் நீங்கள் சேர்ந்தால் என்ன ஆகும்? இன்னும் 60 மணியில் 3 லட்சம் செலவு வரும். நாலில் ஒரு பங்கு, 75,000 ரூபாய், உங்கள் தலையில். மற்றவர்கள் பறந்து தீர்த்த மணிகளுக்கு நீங்கள் பணம் கட்டியதாகிவிடும். ஆகவே விலை பேசுமுன் லாக் புத்தகத்தையும் கூட்டின் வங்கிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைகிற தொகையைப் பங்கின் விலையில் கழித்துக் கேட்பது நியாயமே.

நின்றாலும் செலவு

கொட்டகை வாடகை, இன்சூரன்ஸ், பறக்கத் தகுதி என்று ஆய்வு செய்து சான்று பெறும் செலவு ஆகியவை விமானம் நின்றாலும் நிற்காது. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் பறக்கும் நாட்கள் குறைவு. மாதப் பங்குத்தொகை மட்டும் குறையாது.

கடற்காற்று இன்னொரு செலவு. கடை ஷட்டரையும் தராசையும் அது என்ன செய்கிறது என்று கடலோரத்தில் கடை வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விமானத்தில் அலுமினியக் குழாய், எஃகுக் கம்பி, போல்ட் எல்லாவற்றையும் உப்பு அரிக்கும். இறக்கைத் துணியை வெயில் மக்க வைக்கும். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காமல், அந்த விமானத்தோடு சம்பந்தமில்லாத ஒரு பொறியாளரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கே பறப்பது?

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம். அதன் மேல் பறக்கத் தடை. வடக்கே தாம்பரம் விமானப்படைத் தளம், அதையடுத்து மீனம்பாக்கம். நினைத்தபடி கடற்கரை மணலில் ஏறி இறங்க முடியாது. அனுமதி பெற்ற ஓடுதளம் தொலைவில் இருந்தால், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கடையைப் பிறர் பொறுப்பில் விட வேண்டும். அந்த நாளையும் செலவில் சேருங்கள்.

பெயரும் பத்திரமும்

விமானம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். நம் நாட்டு விமானங்களின் பதிவு 'வி.டி.' என்று தொடங்கும். கைமாறும்போது வாங்குபவரைப் பற்றிய அரசுப் பாதுகாப்புச் சோதனையும் உண்டு. ஓட்டுபவருக்கு லைசென்ஸ் வேண்டும். பறக்கும் அனுமதி காலாவதியான நாளில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஒரு பொருளைக் கூட்டாக வைத்திருப்பதாலேயே அது கூட்டு வியாபாரம் ஆகிவிடாது என்பது 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். ஆனால் "சும்மா நிற்கும் நேரத்தில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் சம்பாதிக்கலாம்" என்று ஒரு பங்காளி ஆரம்பித்தால் நிலைமை மாறும். கட்டணத்துக்கு ஆள் ஏற்றத் தனி அனுமதி வேண்டும். கூட்டு வியாபாரம் என்றாகிவிட்டால், தொழிலுக்காக ஒருவர் வைத்த கடனுக்கு ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு. கூட்டைப் பதிவு செய்யாவிட்டால், கலைத்துக் கணக்குக் கேட்பது தவிர, பங்காளி மேல் ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போடவும் 69ஆவது பிரிவு இடம் தராது.

கூட்டு வியாபாரம் குடுமிப்பிடி என்பார்கள். குடுமி பிடிக்காமல் இருக்க வேண்டுமானால் முத்திரைத்தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: யாருக்கு எந்த நாள், ஓட்டும்போது சேதமானால், இன்சூரன்ஸ் தராத பகுதியை யார் கொடுப்பது, மாதத் தொகை தவறினால் என்ன, ஒருவர் விலகினால் விலையை யார் மதிப்பிடுவது, ஒருவர் காலமானால் வாரிசுக்குப் பங்கா, பணமா?

லாக் புத்தகம், பறக்கும் அனுமதி, கூட்டின் வங்கிக் கணக்கு. இந்த மூன்றையும் காட்டத் தயங்குகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். மூன்றும் சரியாக இருந்து, வியாபாரத்தில் போட்ட முதலைத் தொடாமல் மாதத் தொகையைக் கட்ட முடியுமானால், பிள்ளைகளின் ஆசைக்குக் குறுக்கே நிற்க வேண்டாம்.