ஒரே மருந்து, அம்மாவுக்கு ஒன்று, பாப்பாவுக்கு வேறு!

அம்மாவின் வயிற்றில் இருந்தபோது உங்கள் நுரையீரலுக்குக் காற்றே கிடைக்கவில்லை. ஆக்சிஜன் முழுவதும் தொப்புள்கொடி வழியாகத்தான் வந்தது. வேலையில்லாத நுரையீரலுக்கு எதற்கு அத்தனை இரத்தம்? அதனால்தான் கருவின் இதயத்தருகே ஒரு குறுக்குவழி இருக்கிறது. நுரையீரல் தமனியைப் பெருந்தமனியோடு இணைக்கும் சிறு குழாய் அது. ‘டக்டஸ் ஆர்டீரியோசஸ்’ என்பது அதன் பெயர். மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தை மூச்சிழுக்கத் தொடங்கியதும் அது சுருங்கி, இரண்டு மூன்று நாளில் மூடிவிடும்.

37 வாரம் நிறையும் முன்பே சிலருக்குப் பிரசவ வலி வந்துவிடுகிறது. அது தானாக அடங்கிவிடுவதும் உண்டு. அடங்காவிட்டால், பிரசவத்தை இரண்டு நாளாவது தள்ளிப்போட மருத்துவர்கள் முயல்வார்கள். குழந்தையின் நுரையீரலை முதிரவைக்கும் ஸ்டீராய்டு ஊசி வேலை செய்ய அந்த அவகாசம் வேண்டும். அதற்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்று இண்டோமெத்தசின்.

கருப்பையைச் சுருங்கவைக்கும் வேதிப்பொருள்களில் முக்கியமானது புரோஸ்டாகிளாண்டின். மாதவிடாய் நாளில் வயிற்றைப் பிசைவதும் இதன் வேலைதான். இண்டோமெத்தசின் அதன் உற்பத்தியைத் தடுக்கிறது. இவ்வகை மருந்துகள் இப்படித்தான் செயல்படுகின்றன என்று 1971இல் காட்டிய ஜான் வேன், 1982இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சிக்கல் இதுதான்: கருவின் குறுக்குக்குழாயைத் திறந்து வைத்திருப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்! தாய் உட்கொள்ளும் மருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்கும் போகிறது. குழாய் காலத்துக்கு முன்பே சுருங்கினால் இதயத்தின் வலப்பக்கம் திணறும். கரு வளர வளர இந்த ஆபத்து கூடும். ஆகவே 32 வாரத்துக்குப் பிறகு இம்மருந்தைப் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். வீட்டில் அக்காவோ அண்ணியோ கர்ப்பமாக இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

குழந்தை முன்கூட்டியே பிறந்துவிட்டால் கதை தலைகீழ். இப்போது மூட வேண்டிய குழாய் மூட மறுக்கும். உடலுக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதி நுரையீரலுக்குத் திரும்பிப் பாயும். ஒரு கிலோகூட எடையில்லாத குழந்தையின் இதயம் அந்தச் சுமையையும் சேர்த்து இழுக்க வேண்டும். இண்டோமெத்தசினைக் குழந்தைக்கே கொடுத்து, அறுவை சிகிச்சையின்றிக் குழாயை மூடலாம் என்று 1976இல் அமெரிக்க மருத்துவர்கள் காட்டினர். வயிற்றில் பக்கவிளைவாக இருந்தது, தொட்டிலில் சிகிச்சையாகிவிட்டது.

இன்று இபுபுரோஃபெனும், நம் வீட்டு ‘பெனடோல்’ மாத்திரையில் உள்ள பாராசிட்டமாலும் இதற்குப் பயன்படுகின்றன. ஆனால் பல குழந்தைகளுக்குக் குழாய் தானாகவே மூடுகிறது. மிகவும் முன்கூட்டிப் பிறந்த குழந்தைகளுக்கு உடனே இபுபுரோஃபென் கொடுப்பதைவிடக் காத்திருப்பது மோசமில்லை என்று நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க் நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2023இல் தெரிவித்தது. எந்தக் குழந்தைக்கு மருந்து, எந்தக் குழந்தைக்குப் பொறுமை என்பதில் மருத்துவர்களிடையே விவாதம் தொடர்கிறது.